சொல்லி முடிக்கும் வரை

அவர் பெயரை இங்கே நான் எழுதப்போவதில்லை. மறைக்க வேண்டும் என்பதற்காக அல்ல. தன் பெயரின் முதல் எழுத்தில்தான் அவருக்கு நாக்கு அதிகம் சிக்கும். புதிதாக யாராவது பெயர் கேட்டால், கண்ணை ஒரு பக்கம் திருப்பிக்கொண்டு, தாடை இறுக, அந்த எழுத்தோடு மல்லுக்கட்டுவார். பக்கத்தில் நிற்பவருக்குப் பெயர் தெரிந்திருந்தால் வாய் துறுதுறுக்கும். எடுத்துச் சொல்லிவிட்டால் வேலை முடிந்தது. ஆனால் அப்படிச் சொன்னவரை அவர் திரும்பிப் பார்க்கும் பார்வை ஒன்று உண்டு. அதைச் சந்தித்தவர்கள் மறுபடி சொல்ல மாட்டார்கள். அவர் பெயரை அவர்தான் சொல்ல வேண்டும். நானும் அதை அவரிடமே விட்டுவிடுகிறேன்.

இன்னொன்றும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அவர் பேச்சை எழுதும்போது எழுத்துகளை உடைத்து, நடுவில் கோடு போட்டு, திக்கலைக் காட்டப்போவதில்லை. அவர் பேசியவை எல்லாம் முழு வாக்கியங்கள். நடுவில் காத்திருப்பு இருக்கும், அவ்வளவுதான். படிக்கிறவர்கள் அதைச் சேர்த்துக்கொள்ளலாம்.

நான் அவரைப் பார்த்தது ஆஸ்டின் டவுனில், தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த ஹாலில். தொண்ணூறுகளின் பிற்பாதி. ஞாயிறு காலையில் அங்கே பிள்ளைகளுக்கு மறைக்கல்வி வகுப்பு. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு இரண்டு டேபிள் டென்னிஸ் மேசைகளைச் சேர்த்துப் போட்டு, பச்சைத் துணி விரித்து, ஏழெட்டுப் பேர் போர் விளையாடுவார்கள். விரல்நுனி உயரச் சிப்பாய்கள், தெர்மகோலில் செதுக்கிய மேடுகள், தீப்பெட்டி வீடுகள், பாத்திரம் தேய்க்கும் நாரைப் பச்சைச் சாயத்தில் முக்கிச் செய்த மரங்கள். சதுரங்கம்போலக் கட்டம் கிடையாது. டேப் வைத்து அளந்து சிப்பாயை நகர்த்த வேண்டும். சுட்டால், விழுந்தானா பிழைத்தானா என்பதைப் பகடை சொல்லும்.

என்னை அங்கே இழுத்துப்போனவர் சேவியர் அண்ணன். எங்கள் வீட்டுக்குக் கீழ்வீடு. மருந்துக் கம்பெனி விற்பனைப் பிரதிநிதி. டாக்டர் நாற்காலியிலிருந்து எழுவதற்குள் நான்கு மாத்திரைகளின் பெருமையைச் சொல்லி முடித்துவிடும் வாய் அவருக்கு.

"அங்க ரூல் சண்டை தாங்கல தங்கச்சி. நீ எதுக்கெடுத்தாலும் லிஸ்ட் போடறவ. வந்து ஒரு முடிவு கட்டு" என்றார்.

நான் அப்போது தொலைபேசி எக்ஸ்சேஞ்சுகளுக்கான மென்பொருளைச் சோதிக்கும் வேலையில் இருந்தேன். இப்படி நடந்தால் என்ன ஆகும், அப்படி நடந்தால் என்ன ஆகும் என்று வரிசையாகக் கேட்பதற்குத்தான் சம்பளம். அதே வேலையை ஞாயிற்றுக்கிழமையும் செய்ய எனக்குக் கசக்கவில்லை.

பெயர் எழுதமாட்டேன் என்றேனே, அவர் மர்பி டவுனிலிருந்து சைக்கிளில் வருவார். முப்பத்தைந்து வயது இருக்கலாம். ஒரு வங்கியில் வேலை. எல்லாரும் 'சார்' என்றுதான் கூப்பிடுவார்கள். ஆட்டத்தில் அவருடைய படை எது என்று கேட்கவே வேண்டாம். தொப்பியின் பட்டைவரை வண்ணம் தீட்டியிருக்கும் சிப்பாய்கள் அவருடையவை. செருப்புப் பெட்டி ஒன்றில் பஞ்சு பரப்பி, ஒவ்வொன்றையும் படுக்கவைத்து எடுத்துவருவார்.

அவரைப் புரிந்துகொள்ள எனக்கு உதவியது ஒரு பாதாம் பால். ஆட்டம் முடிந்ததும் எல்லாரும் முனையிலிருந்த தர்ஷினி ஓட்டலில் நின்றபடி ஏதாவது குடிப்போம். காசாளர் "ஏனு பேக்கு சார்?" என்பார். அவருக்கு வேண்டியது பாதாம் பால். 'காபி' என்பது அவருக்குச் சுலபமாக வரும். 'டீ' அதைவிடச் சுலபம். ஆனாலும் பாதாம் பால்தான் கேட்பார். பின்னால் வரிசை நீளும், சில்லறை குலுங்கும், யாரோ தொண்டையைச் செருமுவார்கள். அன்று சேவியர் அண்ணன் பின்னாலிருந்து, "பாதாம் பால் ஒண்ணு கொடுப்பா" என்று குரல் கொடுத்துவிட்டார். டோக்கன் வந்தது. அவர் அதை அப்படியே கல்லாவின் மேல் வைத்தார்.

"எனக்கு வேண்டாம். தண்ணி போதும்."

"இன்னா சார், அதத்தானே கேட்டீங்க?"

"நான் இன்னும் கேட்கல."

அடுத்த வாரமும் அதே வரிசையில் நின்று பாதாம் பால்தான் கேட்டார். சேவியர் அண்ணன் கையைப் பையில் விட்டுக்கொண்டு, தெருவில் போகும் ஆட்டோக்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

தன் வாக்கியத்தை யாரும் முடித்துவைக்க விடமாட்டார். சரி, அது புரிகிறது. எனக்குப் புரியக் கொஞ்ச நாளான இன்னொரு பாதி உண்டு. அவரும் யாருடைய வாக்கியத்தையும் முடித்துவைக்க மாட்டார். நாம் ஒரு சொல்லைத் தேடித் தடுமாறினால், அது அவருக்குத் தெரிந்திருந்தாலும் சும்மா பார்த்துக்கொண்டிருப்பார். சில சமயம் எரிச்சலாகக்கூட இருக்கும். எங்களில் ஒருவரான முனிராஜு கன்னடக்காரர், அரைத் தமிழில் பேசுவார். "அது வந்து... அந்த... ஏனது..." என்று முனிராஜு இழுக்கும்போது நாங்கள் ஆளுக்கொரு சொல்லை எடுத்து நீட்டுவோம். அவர் மட்டும் நீட்டமாட்டார். வினோதம் என்னவென்றால், முனிராஜு எந்தக் கதையைச் சொல்ல ஆரம்பித்தாலும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் சொல்வார்.

எனக்கும் ஒருமுறை அது நடந்தது. ஆட்டத்துக்கு முன்னால் மேசைத்துணியை விரித்துக்கொண்டிருந்தோம். என்னைப் பெண் பார்த்துவிட்டுப்போன ஒரு குடும்பத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. "அவங்க வந்துட்டுப் போனாங்க சார், அப்புறம்..." என்று நிறுத்தினேன். வேறு யாராக இருந்தாலும், "வேண்டான்னுட்டாங்களா, போகட்டும்" என்று அந்த இடத்தை நிரப்பியிருப்பார்கள். நான் நிறுத்தியதே அதற்காகத்தான். அவர் துணியின் ஓரத்தைப் பிடித்தபடி நின்றார். ஒன்றும் கேட்கவில்லை. அந்த மௌனம் நீண்டுகொண்டே போக, வீட்டில் யாரிடமும் சொல்லாததை நான் சொன்னேன். "வேண்டாம்னு அவங்களுக்குச் சொல்லி அனுப்பினது நான்தான் சார்."

"ம்" என்றார். துணியை இழுத்துச் சரிசெய்தார். அந்தப் பேச்சை மறுபடி அவர் எடுக்கவே இல்லை.

பிற்பாடு மாற்றலாகி ஷிமோகா பக்கம் போனார். அதன் பிறகு தொடர்பு விட்டுப்போயிற்று. இப்போது எங்கே இருக்கிறாரோ தெரியாது. எங்கே இருந்தாலும் ஏதாவது ஒரு கல்லாவின் முன்னால் வரிசையை நிற்கவைத்துக்கொண்டிருப்பார் என்று நினைத்துக்கொள்வேன்.

வங்கியைப் பற்றி ஒருமுறைதான் சொன்னார். அவர் முதலில் கவுண்டரில் இருந்திருக்கிறார். பணம் கட்ட வருபவர்கள், பாஸ்புக் நீட்டுபவர்கள், எல்லாரிடமும் பேசித்தான் ஆக வேண்டும். புதிதாக வந்த மேனேஜர் நல்லவர். கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக் கொடுத்து, "நீங்க கஷ்டப்படறத என்னால பாக்க முடியல" என்று சொல்லி, பின்பக்க அறையில் காசோலைகளைப் பிரிக்கும் வேலைக்கு மாற்றிவிட்டார்.

"திட்டி மாத்தியிருந்தா சண்டை போட்டிருப்பேன்" என்றார் அவர். "நல்ல மனசோட மாத்தினாங்க. நல்ல மனசுகூட எப்படிங்க சண்டை போடறது?"

இதை அவர் சொன்னபோது எனக்கு ஒரு வங்கிக் கதையாகத்தான் பட்டது. அதே கதை எங்கள் ஹாலிலும் நடக்கும் என்று தோன்றவில்லை.

எங்கள் ஆட்டத்தில் 'ரியாக்‌ஷன் ஃபயர்' என்று ஒன்று உண்டு. உங்கள் முறை வரும்போது ஒரு சிப்பாயைச் சுடவிடாமல் காத்திருக்க வைக்கலாம். எதிராளி தன் முறையில் ஆட்களை நகர்த்தும்போது, அவர்களில் ஒருவன் உங்கள் சிப்பாயின் கண்ணில் பட்டால், அவன் ஓடிக்கொண்டிருக்கும்போதே சுடலாம். எப்போது, எப்படி அறிவிக்க வேண்டும் என்பது பற்றி விதிப்புத்தகத்தில் ஒன்றும் இல்லை. இருந்திருந்தாலும் எங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்களிடம் இருந்தது ஜெராக்ஸின் ஜெராக்ஸ். ஆகவே ஹாலில் ஒரு வழக்கம் உருவாகியிருந்தது. எதிராளி தன் சிப்பாயை விட்டுக் கையை எடுப்பதற்குள் 'ஸ்டாப்' என்று சொல்லிவிட வேண்டும். சொன்னால் சூடு. சொல்லாவிட்டால் அவன் தப்பித்துவிட்டான்.

சேவியர் அண்ணனுக்கு இந்த விதி அல்வா. எதிராளியின் கை சிப்பாயைத் தொடும்போதே 'ஸ்டாப்' விழுந்துவிடும். அவருக்கோ, தன் பெயருக்கு அடுத்தபடியாகச் சிக்கும் சொல் இதுதான். உதடு தயாராகும், கழுத்து நரம்பு புடைக்கும், எதிராளியின் கை விலகிவிடும். சொல் அதற்குப் பிறகு வரும். வந்த சொல்லை யாரும் கேட்காததுபோல இருந்துவிடுவோம். நன்றாகத் திட்டம் போட்டு, சரியான சந்தில் துப்பாக்கியை நிறுத்தி, வாரத்துக்கு வாரம் தோற்றுக்கொண்டிருந்தார்.

"மேஜைய தட்டுங்க சார், சாக்கு" என்றார் முனிராஜு. சாக்கு என்றால் கன்னடத்தில் 'போதும்'.

"எல்லாரும் தட்டுவீங்களா?" என்று அவர் கேட்டார்.

சேவியர் அண்ணன் 'ஸ்டாப்' என்று கத்துவதை விட்டுவிட்டு மேசையைத் தட்டுவதை யாராலும் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

அதன் பிறகு, பேசிவைத்துக்கொள்ளாமலே, நாங்கள் எல்லாரும் ஒரு காரியம் செய்ய ஆரம்பித்தோம். அவருக்கு எதிரே ஆடும்போது சிப்பாயை நகர்த்திவிட்டுக் கையை எடுக்காமல் வைத்திருப்போம். அவர் முகத்தைப் பார்ப்போம். அவர் சொல்லி முடித்தபின் கையை எடுப்போம். எங்களுக்கு அது ரொம்பப் பெருந்தன்மையாகப் பட்டது. ஒரு ஞாயிற்றுக்கிழமை, முனிராஜுவின் கை ஒரு சிப்பாயின் மேல் அப்படியே நின்றுகொண்டிருந்தபோது அவர் கேட்டார்.

"என்கூட ஆடறப்ப மட்டும் ஏன் எல்லார் கையும் கனமாயிடுது?"

முனிராஜு கையைச் சட்டென்று எடுத்தார், சுட்டுக்கொண்டவர்போல. அந்த ஆட்டம் அதற்கு மேல் ஓடவில்லை.

அப்போதுதான் சேவியர் அண்ணன் அவர் தோளில் கைபோட்டு, தன் நல்ல மனசைத் திறந்தார். "சார், நான் ஒண்ணு சொல்றேன். ரூலு உங்களுக்குத்தான் நல்லா தெரியும். அடுத்த மாசம் கோரமங்களா பசங்க நம்மகூட மேட்ச் ஆட வர்றாங்க. நீங்க அம்பயரா இருங்க. ஆட்டத்த விட அதுதான் மரியாதை. டென்ஷனும் இல்ல."

அவர் சேவியர் அண்ணனைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். காசோலை அறையின் கதவு எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

"யோசிக்கிறேன்" என்றார். பிறகு சில வாரம் வரவில்லை.

இங்கே தொலைபேசியைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஞாயிறு ஆட்டத்துக்கு யார் யார் வருகிறார்கள் என்று தெரிந்தால்தான் அணி பிரிக்க முடியும். அந்தப் பொறுப்பு என்னுடையது. வருபவர்கள் வாரத்தின் நடுவில் எங்கள் வீட்டுக்கு போன் செய்து சொல்லிவிடுவார்கள். நான் சேர்ந்த புதிதில் அவரும் போன் செய்திருக்கிறார். அம்மாதான் எடுத்தாள். வயது வந்த பெண் இருக்கும் வீட்டுக்கு பிளாங்க் கால் வருவது அப்போது சகஜம். அழைப்பது யார் என்று போனில் தெரியாது. எடுத்தால் மூச்சுச் சத்தம் மட்டும் வரும். அம்மா ஆம்பூர்க்காரி. இதற்கென்றே சில சொற்களைத் தயாராக வைத்திருந்தாள்.

"எவன்டா நீ, மூச்சு உட்டுக்கினு கீற? வாயில என்னா, கொழுக்கட்டையா? உங்கம்மாகிட்ட குடு போன!"

டொக்கென்று வைத்துவிட்டாள். மறுபடி மணி அடித்தது. மறுபடி வாழ்த்து. அன்று மாலை அவர் சைக்கிளில் எங்கள் கேட்டுக்கே வந்து நின்றார்.

"ஞாயித்துக்கிழமை வர்றேன். உங்கம்மா நல்லா திட்டறாங்க" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஆனால் அதோடு போன் செய்வதை விட்டுவிட்டார். இரண்டு வார்த்தை சொல்வதற்காக வாரம்தோறும் மர்பி டவுனிலிருந்து சைக்கிள் மிதித்து வந்தார்.

அம்மாவிடம் விஷயத்தைச் சொன்னேன். "அவரு சொல்லியிருந்தா நான் ஏன் வைக்கப்போறேன்?" என்றாள். அதைச் சொல்ல முடியாததுதானே விஷயம் என்று நான் சொல்லவில்லை. அவளுக்கே அது தெரிந்துவிட்டது.

அவர் வராத ஒரு வாரத்தில் சேவியர் அண்ணனுக்கும் முனிராஜுவுக்கும் பெரிய சண்டை. முனிராஜுவின் சிப்பாய் கிணற்றடியிலிருந்து வீட்டுச் சுவருக்கு ஓடினான். வழியில் 'ஸ்டாப்' விழுந்தது. வெட்டவெளியில் விழுந்ததா, சுவர் மறைவுக்கு வந்தபின் விழுந்ததா?

"கை எடுத்துட்டேன்பா."

"எங்க எடுத்த? உன் சுண்டுவிரல் அவன் தொப்பி மேல இருந்துச்சு."

"அது விரல் இல்ல, நிழலு."

"டியூப்லைட்டு மேல இருக்கு, நிழல் எப்படிய்யா தொப்பி மேல நிக்கும்?"

"இர்லி பிடு, இருக்கட்டும் விடு சேவியர். நீ வாயால ஆடற, நான் கையால ஆடறேன்."

அன்று வீட்டுக்கு வந்து, வழக்கம்போலக் கேள்விகளை வரிசையாக எழுதினேன். காத்திருப்பவன் எந்த இடத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறான்? சூடு ஓட்டத்தின் எந்தப் புள்ளியில் விழுகிறது? விழுந்தவன் எங்கே கிடப்பான்? ஒருவனை இரண்டு பேர் சுடலாமா? சுட்டவனை உடனே இன்னொருவன் திருப்பிச் சுட முடியுமா? இப்படியே போயிற்று. எழுதி முடித்துப் பார்த்தபோது, ஒரு கேள்விக்குக்கூட 'யார் முதலில் கத்தினார்' என்பது பதிலாக இல்லை. எல்லாம் இடம் சம்பந்தப்பட்ட கேள்விகள். நாங்கள் அதற்குக் குரலால் பதில் சொல்லிக்கொண்டிருந்தோம். எங்கள் எக்ஸ்சேஞ்சில் இரண்டு அழைப்புகள் மோதிக்கொண்டால், சத்தமாகப் பேசுகிறவருக்கு லைன் கொடுப்பதில்லை.

அந்த வாரம் சேவியர் அண்ணன் மைசூர்ப் பக்கம் வேலையாகப் போயிருந்ததால் ஹால் சாவி எங்கள் வீட்டில் இருந்தது. சனிக்கிழமை மாலை அவருடைய சைக்கிள் எங்கள் கேட்டில் வந்து நின்றது.

"சாவி வேணும். என் பெட்டிய எடுத்துக்கணும்."

"பெயிண்ட் அடிக்கவா சார்?"

"இல்ல."

கூடவே போனேன். அலமாரியைத் திறந்து அவர் செருப்புப் பெட்டியை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் அம்மாவின் தையல் டப்பாவிலிருந்து கொண்டுவந்திருந்த வெள்ளை நூலை மேசையில் நீளமாக விரித்தேன்.

"ஒரு நிமிஷம் பாருங்க சார். ஆளை நகர்த்தறதுக்கு முன்னாடி அவன் ஓடப்போற வழிய நூலால போட்டுடணும். அப்புறம் கடைசி வரைக்கும் நகர்த்திக்கலாம், கையும் எடுத்துக்கலாம். சுடறவர் நிதானமா நூல் மேல எந்த எடம்னு சொன்னா போதும். அவன் அந்த எடத்துல விழுந்ததா கணக்கு. அவர் 'சுடறேன்' இல்ல 'விடறேன்'னு சொல்லி முடிக்கிற வரைக்கும் யாரும் அடுத்த ஆளைத் தொடக்கூடாது. எல்லாருக்கும் இதே ரூல்."

"எனக்காகவா பண்ணீங்க?"

இல்லை என்று சொல்லியிருந்தால் அவருக்குத் தெரிந்திருக்கும். "உங்களாலதான் ஓட்டை தெரிஞ்சுது சார். ஓட்டை ரூல்லதான் இருக்கு. போன வாரம் விரலா நிழலான்னு அண்ணனும் முனிராஜும் அடிச்சுக்கிட்டாங்க. அவங்களுக்கு என்ன, பேச வராதா?"

அவர் நூலையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் நாலு காரணங்கள் என்னிடம் தயாராக இருந்தன. அவற்றைச் சொல்லாமல் இருப்பதற்குக் கொஞ்சம் கஷ்டப்பட்டேன்.

"இதுல ஒரு தப்பு இருக்கு" என்றார் கடைசியில்.

"என்ன சார்?"

"அவன் எங்க போய் முடிக்கிறான்னு முழு வழியும் பாத்துட்டு, அப்புறம் எனக்குப் பிடிச்ச எடத்துல சுடறேன். அவன் பாவம் இல்லையா? இது எனக்கு ரொம்ப வசதி. வசதி வேண்டாம்."

பெட்டியைக் கீழே வைத்தார். சட்டையின் உள்தையலில் உபரியாகத் தைத்திருந்த பொத்தானைப் பிய்த்து எடுத்தார். காத்திருக்கும் துப்பாக்கிக்கு எதிரே இருந்த சந்தில் அதை வைத்தார்.

"என் முறை முடியறப்பவே எந்த எடத்தப் பாக்கறேன்னு இப்படி வச்சுடணும். நூல் இந்தப் பொத்தான் பக்கமா போனா சுடலாம். வேற பக்கம் போனா எனக்கு வாய்ப்பு இல்ல. இப்ப சரி."

என் விதியைவிட அது நல்ல விதி. தனக்குக் கிடைத்த வசதியைத் தானே குறைத்துக்கொண்ட பிறகுதான் அவருக்கு அது பிடித்தது. பெட்டியைத் திரும்ப அலமாரியில் அவரே வைத்தார்.

சேவியர் அண்ணனுக்குப் பிடிக்கவில்லை. "நூலு, பொத்தானு. இன்னா இது, தையல் கிளாஸா? ஆட்டத்துல இருந்த த்ரில்லே போச்சே."

"போச்சுதான்" என்றார் அவர். மறுக்கவே இல்லை. "அந்த த்ரில் உங்களுக்கு நல்லா இருந்துச்சு. எனக்கும் தெரியும்."

விதி அப்படித்தான் அமலுக்கு வந்தது. அம்பயர் வேலையைச் சேவியர் அண்ணன் முனிராஜுவின் தலையில் கட்டினார்.

கோரமங்களா அணியின் தலைவர், வெள்ளை ஷூ போட்ட சுறுசுறுப்பான இளைஞர். விதியைக் கேட்டுவிட்டுத் தோளைக் குலுக்கினார். ஆட்டம் ஒரு பாலத்துக்காக. கடைசிக் கட்டத்தில் பாலத்தைக் காக்க எங்களிடம் மிஞ்சியது அவருடைய ஒரு மெஷின்கன் மட்டும். அதன் பொத்தானைக் கவிழ்ந்து கிடந்த மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் வைத்திருந்தார். இளைஞர் வேறு வழி இல்லாமல் தன் நூலை அந்த வண்டியை ஒட்டியே போட்டார். சிப்பாயைப் பாலம்வரை நகர்த்தினார். கையை எடுத்தார்.

இனி மெஷின்கன்காரர் சொல்ல வேண்டும். அவர் தாடை இறுகியது.

"ஃபயரா சார், இல்லையா?" என்றார் இளைஞர்.

பொத்தானைத் தொட்டுக் காட்டினால் போதும். 'சுடறேன்' என்ற ஒரு சொல் போதும். அவர் இரண்டையும் செய்யவில்லை. சேவியர் அண்ணனின் வாய் திறப்பதைப் பார்த்தேன். அடுத்த நொடி அவர் தன் கீழுதட்டைப் பல்லால் பிடித்துக்கொண்டார். இளைஞரின் கை அடுத்த சிப்பாயை நோக்கிப் போனது. அம்பயர் முனிராஜு, "தொடாதீங்க. அவரு இன்னும் சொல்லல" என்றார். புது ஆட்களின் முன்னால் ஒரு சொல்கூடத் தடுமாறாமல் முனிராஜு தமிழ் பேசி அன்றுதான் கேட்டேன்.

அவர் சொன்னார். "பாலத்துக்கு இந்தப் பக்கம் இருக்கற என் மெஷின்கன், மாட்டுவண்டி தாண்டற எடத்துல, உங்க முதல் ஆளைச் சுடுது."

முழு வாக்கியம். எவ்வளவு நேரம் ஆயிற்று என்று நான் பார்க்கவில்லை. வெளியே ஒரு ஐஸ்கிரீம் வண்டி மணியடித்துக்கொண்டே வந்து, ஹாலைத் தாண்டி, திரும்பிப் போயிருந்தது. அவர் பகடையை எடுத்து உருட்டினார்.

ஒன்று விழுந்தது.

சூடு தவறியது. அந்தச் சிப்பாய் பாலத்தில் ஏறினான். நாங்கள் தோற்றோம்.

மேசைத்துணியை மடிக்கும்போது சேவியர் அண்ணன் யாரையும் பார்க்காமல் சொன்னார். "அவங்க அடுத்த மாசம் மறுபடி வர்றாங்க. யார் ஆடறது, யார் அம்பயர்னு இந்தத் தடவ நல்லா யோசிச்சு வைக்கணும்." அவர் தன் சிப்பாய்களைப் பஞ்சில் படுக்கவைத்துக்கொண்டிருந்தார். கேட்காமல் இருந்திருக்க முடியாது. பெட்டியை மூடினார். அன்று அதை அலமாரியில் வைக்கவில்லை. சைக்கிள் கேரியரில் கட்டிக்கொண்டு, பாதாம் பாலுக்கும் நிற்காமல் போய்விட்டார்.

அந்த வாரம் நான் கேட்டையே பார்த்துக்கொண்டிருந்தேன். சைக்கிள் வரவில்லை. மற்ற எல்லாரும் போன் செய்துவிட்டார்கள். வியாழக்கிழமை மாலை மொட்டைமாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்தேன். கீழே போன் மணி அடித்து நின்றது. பேச்சுச் சத்தம் எதுவும் கேட்கவில்லை. இறங்கி வந்தபோது சமையலறையிலிருந்து தீய்ந்த வாசனை. அம்மா கூடத்தில் ரிசீவரைக் காதில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள். நான் எதுவோ சொல்ல வாயெடுத்தேன். மற்றக் கையை உயர்த்தி என்னை நிறுத்தினாள். அவள் ஹலோ என்றும் சொல்லவில்லை, யாரது என்றும் கேட்கவில்லை. சுவரில் தொங்கும் காலண்டரைப் பார்த்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

ரொம்ப நேரம் கழித்து, "சரிங்க. சொல்றேன்" என்றாள். ரிசீவரைச் சத்தமில்லாமல் வைத்தாள்.

"யாரும்மா?"

"பேரு சொன்னாரு" என்றாள். அந்தப் பெயரை அவள் என்னிடம் திருப்பிச் சொல்லவில்லை. "ஞாயித்துக்கிழமை வர்றாராம். அம்பயரா இல்லியாம், ஆடறதுக்காம். அதையும் சேத்துச் சொல்லச் சொன்னாரு."

சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போனாள். பருப்பு அடியோடு கருகியிருந்தது.